வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கியது

ஜூலை 7, திங்கள்

கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். நஜிஹா சொன்னது "வேறு அறையில் வை" என்றுதான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான இந்த லயத்தில் வேறு அறை என்றால் அடுப்படிதான். அங்கே மேடையில் வைத்தால் அக்கா எடுத்துவந்து, "ருக்கு, யாரோ கூப்பிடுறாங்க" என்று நீட்டிவிடுவாள். டின்னுக்குள் என்றால் அவளுக்கும் கேட்காது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து இது மூன்றாவது வாரம். இத்தனை நாள் என்ன கிழித்தேன்? மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். நான் இல்லாமலே நடந்திருக்கக்கூடிய கூட்டங்களில் இணையம் வழியாகப் போய் உட்கார்ந்தேன். கட்டுரையில் ஒரு பத்தி எழுதி, அதில் பாதியை அழித்தேன். எழுதாதபோது எழுதவில்லையே என்று உறுத்தல். எழுத உட்கார்ந்தால் யாருக்கோ பதில் போடவில்லையே என்று உறுத்தல். துணி மடித்தால்கூட உறுத்துகிறது.

நஜிஹா பல்கலைக்கழகத்தில் எனக்குப் பக்கத்து அறைக்காரி. எங்கள் புலத்தில் முதுகலை மாணவர்களின் காரியங்களைப் பார்ப்பவள். அவள் மேசையில் ஒரு தாள் அநாதையாகக் கிடந்து பார்த்ததில்லை. போன வாரம் போனில் அழாத குறையாகப் புலம்பினேன். தன் பழக்கங்களைச் சொன்னாள். காலையில் முதல் வேலை எழுத்து, மற்றதெல்லாம் பிறகு. மின்னஞ்சல், செய்தி எல்லாம் மாலை நான்கு மணிக்கு ஒரே தடவை. அவசரமானதை அன்றே முடி. அவசரம் இல்லாததை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி, வெள்ளி மதியம் மொத்தமாக முடி. வேலை ஓய்ந்ததும் கணினியை மூடி, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று வாய்விட்டுச் சொல். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

போன வருடம் என் பதவி உயர்வு விண்ணப்பம் 'கட்டுரைகள் போதாது' என்று திரும்பி வந்தது. இந்தக் கட்டுரை செப்டம்பர் நடுவில் போயாக வேண்டும். போகாவிட்டால் இன்னொரு வருடம், ஏற்கெனவே பதவி உயர்ந்துவிட்ட நஜிஹாவின் அறையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

அக்கா புருஷன், மாமா, விடியுமுன்னே தோட்டத்து லோரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அக்காவுக்கு மதிய ஷிப்ட். காலையெல்லாம் சமைத்து, துவைத்து, எனக்குத் தேத்தண்ணி கலந்து வைத்துவிட்டு, ஃபேக்டரிக்குப் போய் நாள் ஓயும்வரை நின்றபடி தேயிலைப் பாக்கெட் அடைக்கிறாள். நான் உட்கார்ந்தபடி களைத்துப்போகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

அரிசியையும் மீறி போன் நடுங்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து போகவில்லை. பெரிய சாதனை.

ஜூலை 11, வெள்ளி

கதவால் ஒரு வம்பு.

காலையில் எழுதும்போது வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வீட்டில் சண்டை, அல்லது நோய், அல்லது அக்கம்பக்கத்தோடு கோபம். நான்கு நாளாகப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மணியம்மா இன்றைக்குப் பின்பக்கமாக வந்து நின்றாள்.

"என்னா ருக்கு, எங்க மேல கோவமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "கோவம் என்னாத்துக்கு? தங்கச்சி எழுதுது. கதவு சாத்தியிருந்தா யாரும் தட்டக்கூடாது. மலையே சரிஞ்சாலும் எங்கிட்டதான் வந்து சொல்லணும்."

யாரையும் விடாதே என்று திங்கட்கிழமை நான்தான் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் அதோடு விடவில்லை. லயம் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள். இப்போது மணியம்மா மிக்சியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அரைக்கிறாள். எதிர்வரிசையில் தங்கித் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள்கூட எங்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். எனக்காக ஒரு லயமே கிசுகிசுத்துப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வாரம் நன்றாக எழுதினேன் என்பதும் உண்மை.

மதியம் வெள்ளிக்கிழமைக் குவியலை முடித்தேன். எல்லோருக்கும் பதில் போயிற்று. ஒருவர்கூட 'ஏன் தாமதம்' என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்து ஓடினேன் என்று தெரியவில்லை. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொன்னபோது அக்கா வீட்டில் இல்லை, அதனால் சத்தமாகவே சொன்னேன்.

ஜூலை 16, புதன்

கட்டுரை நகர்கிறது. தோட்டத்து ஆட்கள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும் விதம்தான் அதன் பொருள். அதற்கு ஆதாரம் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. வீட்டுக்கே வருகிறது.

நேற்று மணியம்மா வந்தாள். "சும்மாதான் வந்தேன்" என்றாள். மழையைப் பற்றிப் பேசினோம். ஜோகூரில் இருக்கும் அவள் மகனைப் பற்றி, கோஸ் விலையைப் பற்றி. தேத்தண்ணி குடித்தாள். எழுந்தாள். வாசலில் ஒரு செருப்பை மாட்டி, இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டே, "ஆமா ருக்கு, உன் மாமா நாளைக்கு தானா ராத்தா டவுன் பக்கம் லோரி எடுக்கிறாரா? ஆஸ்பத்திரில மருந்து வாங்கணும். அவசரமில்ல லா, போனா சொல்லு" என்றாள்.

மருந்து தீர்ந்து இரண்டு நாள் ஆயிற்றாம். அக்கா பிறகு விசாரித்துச் சொன்னாள்.

இதுதான் இங்கே முறை. வந்ததும் கேட்டால் மரியாதை இல்லை. கேட்பதைக் கடைசியில், போகிற போக்கில், அவசரமில்லை என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். மறுப்பவருக்குச் சங்கடம் இருக்கக் கூடாது பாருங்கள். அந்தக் கடைசி நிமிஷத்துக்குக் கட்டுரையில் 'செருப்பு நேரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஜூலை 18, வெள்ளி

குவியலில் குமுதாவின் இரண்டாம் இயல் இருந்தது. என் மேற்பார்வையில் முதுகலை ஆய்வு செய்யும் பெண். மலையின் மறுகோடியில், கம்போங் ராஜாவில் அப்பாவுக்குக் காய்கறித் தோட்டம், பகலில் அங்கே வேலை செய்துவிட்டு மாலையில் படிக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன் பேசும் மொழியைப் பற்றி எழுதுகிறாள். மற்ற மாணவர்களெல்லாம் 'டாக்டர்' என்பார்கள், இவள் மட்டும் 'மிஸ்'. அது பள்ளிக்கூடப் பழக்கம், போகவில்லை.

இயல் நன்றாக இருக்கிறது. என்னைவிட நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறாள். அதை அவளுக்கு எழுதவில்லை. "சரி, மேலே செல்க" என்று எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஓய்வு நாள் என்று விதி. தானா ராத்தாவில் சலீம் பாய் கடையில் அக்காவோடும் மாமாவோடும் ரொட்டி சானாய். முதல் ரொட்டி முடியும்வரை கட்டுரையை விட்டுவிட்டு வந்தோமே என்று இருந்தது. இரண்டாவதில் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

நான்கு மணிக்குப் போனை அரிசியிலிருந்து எடுத்தேன். குமுதாவிடமிருந்து செய்தி. "மிஸ், அரையாண்டு ரிப்போர்ட் சிஸ்டத்துல போட்டுட்டேன். நேரம் கிடைக்கும்போது பாருங்க. அவசரம் இல்ல மிஸ். நல்லா ரெஸ்ட் எடுங்க."

வெள்ளிக்கு ஒதுக்கினேன்.

ஜூலை 30, புதன்

வந்ததிலிருந்து இதுதான் நல்ல நாள். 'செருப்பு நேரம்' பகுதி முழுதும் ஒரே மூச்சில் வந்தது.

மதியம் சோறு போடும்போது அக்கா சொன்னாள்: "உன் ஸ்டூடண்ட் ஒண்ணு வந்துச்சி. கம்போங் ராஜா புள்ள. வெளிய படிக்கட்டுல ஒக்காந்துகிட்டு பூனையோட வெளையாடிச்சி. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னுச்சி. தேத்தண்ணி குடுத்தேன்."

"உள்ள கூப்பிட்டிருக்கலாமே."

"நீ எழுதிகிட்டு இருந்த."

அக்கா செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். மனதுக்குள் 'பரவாயில்லை, காலை தப்பித்தது' என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

மழை. மூன்றாம் பகுதி முடிந்தது. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

குமுதாவின் அறிக்கையைத் திறந்தேன். ஒப்புதல் கொடுக்கும் இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. மேலே ஒரு வரி: நேற்று நண்பகலோடு மூடப்பட்டது.

அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்திருந்தது. ஒன்றல்ல. 'நிர்வாகம்' என்று தலைப்பு வந்தாலே தானாக வெள்ளிக் குவியலுக்குப் போகும்படி நானே அமைத்திருந்தேன்.

அவளுக்குப் போன வருடமும் ஒரு அறிக்கை விட்டுப்போயிருந்தது. அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன், தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தாள். அப்போதே எச்சரித்திருந்தார்கள், இன்னொரு முறை மேற்பார்வையாளர் ஒப்புதல் இல்லாமல் போனால் பதிவு ரத்து என்று. அந்தக் கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. படித்தேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

'பதிவு: முடிவுற்றது' என்று அவள் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

எதுக்கு வந்தா? அவ்வளவு தூரம், கம்போங் ராஜாலேருந்து ரிங்லெட் பக்கம் இந்த லயம் வரைக்கும், பஸ் மாறி, சும்மா பூனையோட விளையாடவா வருவா? எனக்கு இது தெரியாதா? நான்தானே அதை எழுதிக்கிட்டு இருந்தேன். அவ வெளிய படிக்கட்டுல. நான் உள்ள. செருப்பு நேரம்னு பேரு வச்சிக்கிட்டு.

அக்காவைக் கேட்டேன். போகும்போது ஏதாவது சொன்னாளா?

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "செருப்பு போடும்போது ஏதோ ஆரம்பிச்சிச்சி. 'அக்கா, மிஸ்கிட்ட ஒரே ஒரு...'ன்னுச்சி. நான்தான், எழுதுறாங்கம்மா, வெள்ளிக்கெழம பாப்பாங்கன்னேன். சரிங்கக்கான்னு போயிடிச்சி."

கத்திவிட்டேன். உன்னை யார் அனுப்பச் சொன்னது என்று. அக்கா என்னைப் பார்த்தாள். "நீதானே ருக்கு சொன்ன, கதவு சாத்தியிருந்தா யாரையும் விடாதேன்னு."

மதியம் எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, பேசாமல் ஷிப்டுக்குப் போய்விட்டாள். இருக்கிற பாவம் போதாதென்று இது வேறு.

ஆகஸ்ட் 4, திங்கள்

குமுதாவை அழைத்தேன். நான் வாயைத் திறக்குமுன், "பரவால்ல மிஸ், என் தப்புதான், முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லாருக்காரு மிஸ். மழை எப்படி? நல்ல மழை மிஸ். என்ன பேச்சு இது? அதோடு போனை வைத்துவிட்டேன்.

பிறகு நஜிஹா. மேல்முறையீடு உண்டு, இரண்டு வாரத்துக்குள். மாணவியின் விளக்கம் ஒன்று, என் விளக்கம் ஒன்று. தாமதம் மேற்பார்வையாளருடையது என்றால் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாணவியுடையது என்றால் பெரும்பாலும் தள்ளுபடி. முதலிலிருந்து சேர வேண்டும், செய்த ஆய்வு கணக்கில் வராது.

"அவள் தன் விளக்கத்தை அனுப்பிவிட்டாள்" என்றாள் நஜிஹா. படித்தும் காட்டினாள். 'என் கவனக்குறைவால் அறிக்கையைக் கடைசி நேரத்தில் ஏற்றினேன். என் மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தும் எனக்கு உதவி வந்தார். அவர் மீது தவறில்லை.'

கடைசி நேரம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஏற்றினாள். நான் செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

"நீ என்ன எழுதப் போகிறாய்?" என்று நஜிஹா கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர்கள்தான் மேல்முறையீட்டுக் குழுவிலும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை இல்லை, கட்டுரையை. நன்றாக வேறு வந்தது. வெட்கம் கெட்ட ஜென்மம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன். 'மலைப்பகுதியில் தொடர் மழையால் இணையத் தொடர்பு அடிக்கடி துண்டிக்கப்பட்டதால்...' மழை பெய்தது உண்மை. இணையம் போவதும் உண்மை, ஆனால் அந்த வாரம் போகவில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவளுக்கும் பாதகம் இல்லை, எனக்கும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் ஏற்கெனவே பழியை ஏற்று எழுதிக் கொடுத்துவிட்டாளே. குழு மழையைப் படிக்குமா, ஒப்புக்கொண்ட தவறைப் படிக்குமா?

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்கா இன்றைக்குத்தான் பேசினாள். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, தலைத்துணியைக் கட்டியபடி: "அந்தப் புள்ளைக்கு என்னாச்சி?"

"பாத்துக்கலாம்க்கா."

"ஏதோ சொல்ல வந்துச்சி ருக்கு. நான்தான் வாயை அடைச்சிட்டேன். பாக்கெட் ஒட்டும்போதெல்லாம் அது மொகந்தான் வருது." தலைத்துணி முடிச்சை இறுக்கினாள். "ஞாயித்துக்கெழம உன் மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போயி, பிஸ்கட் ஏதாச்சும் வாங்கிக் குடுத்துட்டு, மன்னிப்பு கேட்டுட்டு வரவா? என்னால ஒண்ணும் கெட்டுப்போவாதில்ல?"

என் தவறுக்கு அக்கா பிஸ்கட் வாங்கப் போகிறாள்.

நீ போக வேண்டாம், நான் போகிறேன் என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. அக்காவுக்குப் பஸ் வந்துவிட்டது, பார்க்கவில்லை.

இன்றைக்கு வெள்ளி. குவியலைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சனிக்கிழமை இந்த மலையில் கார் எடுப்பவன் புத்திசாலி இல்லை. ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கீழ்நாட்டுக் கார்கள் வழியில் பிரிஞ்சாங் டவுனில் நகரவே இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று மனம் ஒரு சாக்குக்கு அலைந்தது. திரும்ப இடம் இல்லாததால் போய்ச் சேர்ந்தேன்.

குமுதா பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் பச்சை. என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"மிஸ்! என்ன மிஸ் இவ்ளோ தூரம்?"

அதற்கு நான் சொன்னது — எழுதவே கூசுகிறது — "சும்மாதான் வந்தேன்."

வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் அப்பா காளியண்ணன், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்க மைலோ வந்தது, மரவள்ளிச் சிப்ஸ் வந்தது. அவருடைய முதுகைப் பற்றிப் பேசினோம். தக்காளியில் வந்திருக்கும் நோயைப் பற்றிப் பேசினோம். "டீச்சரம்மா இவளுக்கு எவ்வளவோ செய்றீங்க" என்றார் அவர். அவருக்கு எதுவும் தெரியாது என்று அப்போது புரிந்தது. அவள் சொல்லவில்லை. படிப்பு போனதையே வீட்டில் சொல்லவில்லை.

நான் பேச வேண்டிய இடம் அதுதான். பேசாமல் சிப்ஸ் தின்றேன்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். ஒரு செருப்பை மாட்டினேன். இன்னொன்றைக் காலால் துழாவினேன். அப்புறம்தான் வாய் திறந்தது. என் கட்டுரைக்கு இதைவிட நல்ல ஆதாரம் எங்கே கிடைக்கும்?

"குமுதா, நீ எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கு. அது பொய்."

அவள் தரையைப் பார்த்தாள். "உங்களுக்கு ப்ரமோஷன் வருதுன்னு சொன்னாங்க மிஸ். என்னால எதுக்கு?"

"நீ செவ்வாய்க்கிழமை போட்ட. நான் செவ்வாய்க்கிழமையே பாத்தேன். வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிட்டேன். புதன்கிழமை நீ வாசல்ல இருந்ததும் எனக்கு மதியமே தெரியும். அப்பவும் உன்னைக் கூப்பிடல."

இதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவளுக்கு இது தெரியாது. அக்கா சொல்லவில்லை, என் காதுக்கு வரவில்லை என்றுதான் ஒரு வாரமாக எனக்காக நியாயம் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மதியமே தெரியுமா மிஸ்?"

"தெரியும்."

கோபமாக இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவளோ உள்ளே போய் ஒரு பை தக்காளி கொண்டுவந்து காரில் வைத்தாள். "அக்காவுக்குக் குடுங்க" என்றாள். எனக்கு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடிதம் போயிற்று. அதில் மழையில்லை, இணையமில்லை. அறிக்கையைக் கண்ட நாள், தள்ளிவைத்த காரணம், அவள் நேரில் வந்தது, நான் அழைக்காதது. குமுதாவும் தன் விளக்கத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். இரண்டே வரியாம்.

நஜிஹாவுக்குத்தான் மனசு சரியில்லை. தான் சொன்ன பழக்கத்தால் வந்த வினை என்கிறாள். "உன்மேல் தப்பில்லை" என்றேன். இல்லைதான். அவள் இரண்டு குவியல் வைக்கச் சொன்னாள், எது எந்தக் குவியல் என்று பிரித்தது நான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தக்காளி நல்ல தக்காளி" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பதில் இல்லை. நாளுக்குப் பத்து தடவை போனைப் பார்க்கிறேன். அரிசி டின் காலியாகக் கிடக்கிறது, அரிசியைத் தவிர.

செப்டம்பர் 3, புதன்

பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஆய்வு முழுதும் செல்லும். அக்டோபரிலிருந்து தொடரலாம்.

மேற்பார்வையாளர் மாற்றம்: டாக்டர் நஜிஹா.

என்னை இந்த வருடம் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று புலத் தலைவர் மெதுவாகச் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது, தைக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இரவுச் சோற்றின்போது நினைத்துக்கொண்டது அதை இல்லை. இரண்டாம் இயலுக்கு 'சரி, மேலே செல்க' என்று எழுதினேனே, அதை. இனிமேல் அவளுக்கு எழுத எனக்கு இடம் இல்லை.

குமுதா செய்தி அனுப்பியிருந்தாள். "நன்றி மிஸ்." அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, திங்கள்

கட்டுரை போயிற்று. குமுதாவின் கதையை அதில் சேர்க்கவில்லை. அது என் ஆதாரம் இல்லை.

பழக்கங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் போன மாதம் நினைத்தேன். எறிந்து பார்த்தேன், பழையபடி ஒரு வாரம் ஈ அடித்தேன். ஆக, காலை எழுத்து இருக்கிறது. அரிசி டின் இருக்கிறது, பத்து மணி வரைக்கும். மாற்றியது இரண்டு. 'அவசரமில்லை' என்று முடிகிற செய்தியை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கிறேன். கதவைச் சாத்துவதில்லை.

மணியம்மா மிக்சியை முன்கட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். காதைப் பிளக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளையிலிருந்து மறுபடி வகுப்பு. சாமான் கட்டும்போது அக்கா அரிசி டின்னையே எடுத்துவந்து, "கொண்டுபோறியா?" என்று கேட்டாள். சிரித்தோம். அவளோடு சிரித்து நாளாயிற்று.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்காக மறுபடி அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்றைக்கும் வீடு நிறைய ஆட்கள். நாளை மாலைக்குள் வகுப்புத் தேர்வு விடைத்தாள் மதிப்பெண் ஏற்ற வேண்டும், பாதிதான் ஆகியிருக்கிறது. காலையில் முன் அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் வாசலில் நிழல் விழுந்தது. குமுதா. கையில் முறுக்கு டப்பா. ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"சும்மாதான் வந்தேன் மிஸ். தீபாவளிக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் தாள்களைப் பார்த்தேன். மூடிவைத்தேன்.

உட்கார்ந்தாள். அக்கா தேத்தண்ணியும் அதிரசமும் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு இடுப்புப் பட்டை கழற்றியாயிற்றாம். தக்காளி நோய் போய் இப்போது கோஸில் வந்திருக்கிறதாம். டாக்டர் நஜிஹா ரொம்ப ஒழுங்கு, செவ்வாய்க்கிழமை அனுப்பினால் வியாழக்கிழமை பதில் வந்துவிடும் என்றாள். நல்லது என்றேன். வலித்தது. பூனை வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தேன், அது வேறு விஷயம்.

பூனையை இறக்கிவிட்டு எழுந்தாள். "வரேன் மிஸ். வரேங்க்கா."

வாசலுக்குக் கூடவே போனேன். ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றைப் பூனை தள்ளிவிட்டிருந்தது. அதைக் காலால் இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மூணாவது இயல் எழுதிட்டேன் மிஸ். டாக்டர் நஜிஹாகிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா படிச்சிங்கன்னா... நீங்க இப்ப என் சூப்பர்வைசர் இல்லைன்னு தெரியும். அவசரமில்ல மிஸ். எப்ப முடியுதோ அப்ப."

"எப்ப குடுக்கணும்?"

செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு மிஸ்."

"பையில இருக்கா?"

"இருக்கு."

உள்ளே அக்கா யாரும் சொல்லாமலே மறுபடி அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். குமுதா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். விடைத்தாள்களை மேசையிலிருந்து தரைக்கு இறக்கி, அவளுக்கு இடம் செய்தேன்.